மௌனத்தில் முதலிடம்

"இந்த ரெண்டு பேரையும் பாருங்க" என்றார் குருநாதர்.

பார்த்தோம். மேகமலையில் பழைய தேயிலைத் தோட்ட மாளிகை ஒன்றின் கூடம் அது. காலை மூடுபனி சன்னல் வழியே நுழைந்து எங்களோடு வந்து அமர்ந்திருந்தது. ஈரக் கம்பளி வாடையும் சுக்குக் காப்பி மணமும் கலந்து நின்றன. ஆங்காங்கே அமர்ந்திருந்த எங்களுள் இருவரைக் குருநாதர் தம் கைக்கோலால் சுட்டினார். ஒருவர், கிழக்கு மூலையில் சுவரை நோக்கி அமர்ந்திருந்த என் மனைவி சௌந்தரம். மற்றவர், மேற்கு மூலையில் எதிர்ச்சுவரை நோக்கி அமர்ந்திருந்த சுருளியாண்டி; சௌந்தரத்தின் உடன்பிறந்த அண்ணன்.

"நீங்கள்லாம் வாயை மட்டும்தான் மூடியிருக்கீங்க. கண்ணு பேசுது, கை பேசுது. இவங்ககிட்ட ஒரு அசைவு இருக்கா? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் ஏறெடுத்தும் பாக்கல. இதுதான் மௌனம். முதல் தடவை வர்றவங்களுக்கு இது வாய்க்காது. முன்னாடியே நீண்ட பயிற்சி இருந்திருக்கணும்."

இருந்தது. நீண்ட பயிற்சிதான். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசி ஆண்டுகள் பல கடந்திருந்தன.

அதை எடுத்துரைக்க எனக்கு நாத் துடித்தது. ஆயினும் நானும் மௌனத்தில் இருந்தேன்.

போடி வாசகரின் வினா

என் கல்லூரி நாள்களைப் பற்றி இத்தொடரில் எழுதியதைப் படித்த போடிநாயக்கனூர் அன்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "மெய்ஞ்ஞானம் தேடினால் கிடைக்குமா? அதை ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்க இயலுமா? தாங்கள் பல்லாண்டு சித்தாந்தம் கற்பித்தவராயிற்றே."

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை எழுதலாம். ஆனால் இதழாசிரியர் எனக்கு ஒதுக்கியிருக்கும் பக்கங்கள் நிரம்பா.

கற்பித்தது உண்மை. 'சும்மா இருத்தல்' என்னும் உயர்நிலையை முதுகலை மாணவர்க்கு ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். மணி அடித்த பிறகும் நிறுத்தாமல் விளக்கிய நாள்கள் உண்டு. நான் பேசிக்கொண்டே இருந்தேன். மாணவர்கள் சும்மா இருந்தார்கள். அவ்வகையில் அவர்கள் என்னினும் முன்னேறியவர்கள். மௌனத்தைப் பற்றி ஓயாது பேசி ஊதியம் பெற்றவன் என்னும் பெருமை எனக்கு உண்டு.

ஆதலின் அன்பரின் வினாவுக்கு நூல்வழி விடை தருவதைக் கைவிட்டு, சில ஆண்டுகளுக்கு முன், தொற்றுக்காலம் அடங்கி ஊரெங்கும் திருமணங்கள் மீண்டும் முளைத்த பருவத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வாழையிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மடக்கப்பட்ட இலை

என் மாமியாரின் கருமாதி நாள். ஓடைப்பட்டியில் மைத்துனர் வீட்டு முற்றத்தில் பந்தி விரிக்கப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அன்று முதற்பந்தியில் அமர வேண்டியவள் அவ்வீட்டில் பிறந்த பெண். அவளாகப் போய் உட்காரக் கூடாது. உடன்பிறந்தவன் வாயால் அழைத்து அமர்த்த வேண்டும்.

சௌந்தரம் நிலைப்படியருகே நின்றாள். அழைக்க வேண்டியவரோ கொல்லைப்புறத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே கருத்திருந்தது. பந்தலில் திராட்சை பழுத்துத் தொங்கிய நேரம். ஒரு மழை விழுந்தால் பழமெல்லாம் வெடித்துவிடும். தாயை இழந்தவர், தோட்டத்தையும் இழக்க அஞ்சிக்கொண்டிருந்தார். முதற்பந்தி முடிந்தது. இரண்டாம் பந்தியில் யாரோ ஓர் உறவினர் சௌந்தரத்தின் கையைப் பற்றி இழுத்து அமர்த்தினார். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. அவள் இலையை மடக்கிவிட்டு எழுந்தாள்.

மழை பெய்யவில்லை என்பது வேறு செய்தி.

"கூப்பிடாத பந்தியில உக்காந்தது என் தப்பு" என்பது அவள் கட்சி. "சோத்தை வச்ச பெறகு எந்திரிச்சவ அவ. எங்காத்தா சோறு அது" என்பது அவர் கட்சி. இரண்டும் நேரிய கட்சிகளே. அதனால்தான் வழக்கு முடியவில்லை.

சுவருக்கும் செவி உண்டு

பேச்சு நின்றதேயொழிய உறவு நிற்கவில்லை. நகரத்தார்க்கு இது விளங்குவது அரிது. ஒவ்வொரு அறுப்புக்கும் சின்னமனூரில் எங்கள் வீட்டுக்குத் திராட்சைக் கூடை வரும், கொண்டுவருபவர் மைத்துனரே. வெறுங்கூடை திரும்பிப் போனதில்லை. சௌந்தரம் முறுக்கோ அதிரசமோ நிரப்பி அனுப்புவாள். இருவரும் ஒரே முற்றத்தில் நிற்பார்கள். இடையே நான் நிற்பேன்.

"ஏங்க, இந்தத் தடவை கொத்து சிறுத்துக் கெடக்கு. கவாத்து சரியா வெட்டலையான்னு கேளுங்க."

"மாப்ள, கவாத்தெல்லாம் சரியாத்தேன் பண்ணுனோம். மருந்துதான் சரியில்லைன்னு சொல்லுங்க."

நான் அவள் பக்கம் திரும்பி, "மருந்து சரியில்லையாம்" என்பேன். அவள் அப்போதுதான் கேட்பவள்போல் தலையசைப்பாள். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு இத்தூதுப் பணியில் அப்பட்டம் ஒருநாளும் தேவைப்படவில்லை. காது கேட்டால் போதும்.

நான் வீட்டில் இல்லாத நாளில் கன்றுக்குட்டியிடம் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை மைத்துனர், தங்கள் சிற்றப்பா மகனுக்கு வயிற்றில் அறுவை நடந்த செய்தி முழுவதையும் எங்கள் முருங்கை மரத்திடம் விரிவாகச் சொல்லிச் சென்றாராம். மரம் சொன்னதாகச் சௌந்தரம் என்னிடம் சொன்னாள்.

இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்துவந்தது. எங்கள் மகளுக்குத் திருமணம் உறுதியாகும் வரை.

அவள் பெயர் இளவேனில். நான் தேர்ந்து இட்ட பெயர். ஓடைப்பட்டியில் அது வேணி ஆயிற்று. தை மாதம் மணநாள். மணப்பெண்ணுக்கு முதல் மாலை இட்டுக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர் தாய்மாமன். அவர் நிற்காத மேடையை எங்கள் ஊரில் குறையுள்ள மேடை என்பார்கள். நான் போய் அழைத்தேன்.

"மாப்ள, நீங்க கூப்பிட்டது விருந்தாளியா வர்றதுக்கு. வந்து சாப்பிட்டுப் போறேன். மாமனா வந்து நிக்கணும்னா கூப்பிட வேண்டிய வாய் வேற. வெத்தலை பாக்கு வச்சு, அது வாயால கூப்பிடணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"எங்கம்மா கருமாதியில கூப்பிடாத வாயி மொதல்ல எம்பேரைச் சொல்லட்டும்னு சொல்லுங்க. பெறகு என் வாயி தெறக்கும்."

ஓடைப்பட்டிக்கும் சின்னமனூருக்கும் இடையே பேருந்து அடிக்கடி உண்டு. நானும் அடிக்கடி போனேன்.

இளவேனில் ஒரே ஒருமுறை கேட்டாள்: "அப்பா, மாமா நிக்கலைன்னா என்னை யாருப்பா மேடைக்குக் கூட்டிட்டுப் போறது?" பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் அவ்வீட்டுப் பெண்தானே என்று எனக்கு அச்சம் உண்டாயிற்று.

அந்தக் கார்த்திகையில்தான், "கல்யாண வேலைக்கு முன்னாடி ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியா இருந்துட்டு வாங்க" என்று மேகமலை மௌன ஞான முகாமுக்கு எங்கள் பெயரைப் பதிந்தாள். குருதியழுத்தம் மிகுந்திருந்த மைத்துனரையும் மருத்துவர் சொன்னார் என்று அவர் மகன் அதே முகாமுக்குப் பதிந்திருந்தான். தற்செயல் என்றே இளவேனில் இன்றும் சாதிக்கிறாள். நான் நம்பவில்லை, விசாரிக்கவும் இல்லை.

மலை ஏறுதல்

ஜீப்புக்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்று வைத்திருக்கிறேன். அதைச் சொன்னால் சின்னமனூரில் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்கமாட்டார். ஆகவே ஜீப் என்றே வைத்துக்கொள்வோம்.

முன்னிருக்கையில் முதுகு காட்டி அமர்ந்திருந்தவர் திரும்பியபோதுதான் அவர் என் மைத்துனர் என்று கண்டோம். இறங்குவதற்கும் வழியில்லை, வண்டி நகர்ந்துவிட்டது. எங்களோடு பின்னால் ஆரோக்கியமேரி என்னும் அம்மையாரும் இருந்தார். இராயப்பன்பட்டிக்காரர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், கழுத்தில் சிலுவை, மடியில் சீடைப் பொட்டலம்.

தென்பழனிச் சோதனைச் சாவடி தாண்டிக் குளிர் தொடங்கியது. மைத்துனர் ஓட்டுநரிடம் திருவாய் மலர்ந்தார்.

"ஏலே செல்வம், பின்னாடி இருக்கவகளுக்குக் குளிரும். படுதாவை எறக்கிவிடச் சொல்லு."

சௌந்தரம் என்னிடம் சொன்னாள்: "ஏங்க, எங்களுக்கு ஒண்ணும் குளிரலைன்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்க. முன்னாடி இருக்கவகதான் காதுக்கு ஒரு துண்டு கட்டாம வந்திருக்காக. பிரஷர்காரவக."

"செல்வம், எனக்குத் துண்டு இருக்குன்னு சொல்லு."

"பையில இருந்தாக் காதுக்கு ஆகுமான்னு கேளுங்க."

செல்வம் வளைவு ஒன்றில் வண்டியை ஏறக்குறைய நிறுத்திவிட்டான். "ஐயா, இதுல யாரு யாருகிட்டப் பேசுறாக? நான் யாருக்குச் சொல்லணும்?"

"நீ சாலையைப் பார்த்து ஓட்டு தம்பி. இது பழைய வழக்கு" என்றேன்.

"எங்க வீட்டுலயும் உண்டுங்கய்யா. எங்கய்யாவும் சித்தப்பாவும். நாய வச்சுத்தேன் பேசிக்கிருவாக. போன வருசம் நாய் செத்துப்போச்சு. இப்ப ரொம்பச் சிரமமாப் போச்சுங்க."

ஆரோக்கியமேரி அம்மையார் சீடையை எல்லார்க்கும் நீட்டினார். "எங்க கோயில்லயும் வருசாவருசம் தியானம் வைப்பாக சார். பேசக்கூடாதும்பாக. தியானம் முடிஞ்ச மறுநாளு வந்து பாக்கணும் நீங்க. விட்ட பேச்சையெல்லாம் சேத்து வச்சுப் பேசித் தீத்துப்புடுவோம்."

பூனையும் குரங்கும்

குருநாதர் முன்னர் நீரேற்றும் மோட்டார்கள் விற்கும் நிறுவனம் ஒன்றில் மண்டல மேலாளராக இருந்தவர். ஒருநாள் உள்ளொளி தோன்றப் பணியைத் துறந்தாராம். துறவுக்குப் பின்னும் உவமைகளைத் துறக்கவில்லை.

"மனசுங்கறது மோட்டார். ஸ்விட்சை ஆஃப் பண்ணாலும் கொஞ்ச நேரம் சுத்தும். அது தானா நிக்கற வரைக்கும் இருக்கணும். ஞானத்தைத் தேடாதீங்க. தேடினா ஓடிடும். யாரும் உங்களுக்குக் கத்துத்தரவும் முடியாது. அதைத்தான் நான் இங்க கத்துத்தரப் போறேன்."

இதைக் கேட்டபோது என் கல்லூரி வகுப்பறை நினைவுக்கு வந்தது. அங்கும் இப்படித்தான்.

இந்த வினா பழையது. அருளைப் பெறுவதில் இரு வழக்குகள் உண்டு என்று பெரியோர் வகுத்தனர். குரங்குக்குட்டி தன் முயற்சியால் தாயின் வயிற்றைக் கவ்விக்கொள்கிறது. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. கிடந்த இடத்தில் கிடந்து கத்தும். தாய் வந்து கவ்விச் செல்லும். உயிர் இறைவனைத் தேடிப் பற்ற வேண்டுமா, இறைவன் வந்து தூக்கட்டும் என்று கிடக்க வேண்டுமா? இரு கட்சியாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டனர். ஒருவரோடொருவர் பேசாமலும் இருந்தனர்.

என் வீட்டு வழக்குக்கு இதனைப் பொருத்திப் பார்த்தேன். சௌந்தரமும் பூனைக்குட்டி, அவள் அண்ணனும் பூனைக்குட்டி. ஒவ்வொருவரும் மற்றவர் வந்து கவ்வட்டும் என்று கிடந்தார்கள். குட்டிகள் இரண்டு இருந்தன, தாய்ப்பூனைதான் இல்லை. நடுவே ஓடிக்கொண்டிருந்த நான் குரங்கு.

வாயிலிலேயே கைப்பேசி, நூல்கள், புகையிலை, வெற்றிலை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் வாங்கிக்கொண்டார்கள். கடைசியாகப் பேச்சையும் வாங்கிக்கொண்டார்கள். குருநாதர் மணி ஒன்றை அடித்தார். அதன் ஓசை அடங்கியபோது, ஓடைப்பட்டிக்கும் சின்னமனூருக்கும் இடையே இருந்த ஒரே தூதரகமும் மூடப்பட்டது.

வகுப்பில் முதல் மாணாக்கர்

மற்றவர்களுக்கு மௌனம் பெருந்துன்பமாயிருந்தது. தேனி வணிகர் ஒருவர் உறக்கத்தில் ஏலக்காய் விலை சொன்னார். ஆரோக்கியமேரி அம்மையார் இருமல் வழியாகவே பல செய்திகளைத் தெரிவித்தார். அண்ணனுக்கும் தங்கைக்கும் மட்டும் அது தாய்வீடு போலிருந்தது. தொடக்கத்தில் நான் சொன்ன பாராட்டு அப்போது கிடைத்ததுதான்.

சினத்தால் விளைந்த மௌனமும் ஞானத்தால் விளைந்த மௌனமும் வெளியே நின்று காண்பவர்க்கு ஒன்றுபோலவே தோன்றும் என்பதை அன்று அறிந்தேன். குருநாதரைக் குறை சொல்வதற்கில்லை. காய்க்காத மரமும் காய்த்து ஓய்ந்த மரமும் வேலிக்கு அப்பால் நிற்பவனுக்கு ஒன்றே.

ஆனால் அவர் காணாதது ஒன்றை நான் கண்டேன். உணவு வேளையில் மைத்துனர் ஊறுகாய்ச் சாடியை நோக்கிக் கை நீட்டினார். சௌந்தரம் என்னை நோக்கினாள். 'பிரஷருக்கு உப்பு ஆகாதுன்னு சொல்லுங்க' என்பது அந்நோக்கின் பொருள். நான் என் சோற்றை நோக்கினேன். சற்றுநேரம் தவித்தாள். பின்பு, சுவரைப் பார்த்தபடியே சாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவரும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே மோர்ச்சோற்றை வெறுமனே உண்டார்.

மறுவேளை அவள் கூடத்துக்கு வந்தபோது, அவள் அமரும் மூலையில் யாரோ இரண்டாவது கம்பளி ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். மைத்துனர் மேற்கு மூலையில் தோளைக் குறுக்கி அமர்ந்திருந்தார். முருங்கை மரம்கூட இடையில் இல்லை. அவர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள்.

புல்வெளியில்

கடைசிக் காலை. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. தேயிலைச் சரிவுக்கு மேலே புல்வெளியில் சமுக்காளம் விரித்து எங்களை அமர்த்தினார் குருநாதர்.

"இன்னிக்கு இணைப் பார்வை. எதிரெதிரே உக்காந்து ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாக்கணும். சொல் இல்லாம ஒரு மனுஷனை முழுசா அறியறது. நம்ம முதல் மாணவங்க ரெண்டு பேரும் முதல்ல செஞ்சு காட்டட்டும். மத்தவங்க பாத்துக் கத்துக்கங்க."

சௌந்தரத்தின் முகம் சிவந்தது. ஆனால் மறுப்பதற்கும் பேச்சு வேண்டுமே. முழங்காலும் முழங்காலும் ஏறக்குறைய தொட, இருவரும் எதிரெதிரே அமர்த்தப்பட்டார்கள். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். அவர் அவள் தலைக்கு மேலே மலையைப் பார்த்தார்.

"கண்ணைப் பாருங்க" என்றார் குருநாதர் மெல்ல.

பார்த்தார்கள்.

இத்தனை ஆண்டும் அவள் கண்டது அவருடைய முதுகை, தோளை, கூடையைப் பிடித்த கையை. முகம் அவள் அறியாமலே கிழடு தட்டியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. அவள் இமை படபடத்தது. "அருமை" என்று முணுமுணுத்தார் குருநாதர். அவருக்கு அது தியானத்தின் அடையாளம்.

அப்போதுதான் நானும் கண்டேன். மைத்துனரின் சட்டைக் கழுத்திலிருந்து நூல்போல ஓர் அட்டை எழுந்தது. தலையைத் தூக்கித் திசை தேர்ந்தது. வளைந்து நீண்டு, நீண்டு வளைந்து, இடக் காதை நோக்கி நடந்தது. காது மடலின் பின்னே அமர்ந்து வேலையைத் தொடங்கியது. மேகமலை அட்டை கடிப்பது கடிபட்டவருக்குத் தெரியாது.

சௌந்தரம் என் பக்கம் திரும்பினாள். அந்நோக்கு எனக்கு நன்கு பழக்கமானது. சொல்லுங்க.

நான் கண்களை மூடிக்கொண்டேன்.

விரதத்தின்மேல் இருந்த மதிப்பா, நெடுநாள் தூதுப்பணியின் அலுப்பா, எது என்னை அவ்வாறு செய்வித்தது என்று இன்றுவரை தெளியவில்லை. ஞானம் என்று மட்டும் வாசகர் யாரும் எண்ணிவிட வேண்டா.

மூடிய கண்ணுக்குள் நெடுநேரம் ஒன்றுமில்லை. எங்கோ ஒரு சோலைக்குருவி கூவி நிறுத்தியது. தேயிலைப் புதர்களிலிருந்து நீர் சொட்டியது.

"அண்ணே."

நான் கண் திறக்கவில்லை. திறக்க அஞ்சினேன்.

"அண்ணே, காதுல அட்டைண்ணே. அசையாத."

"எங்கன?" என்றது கரகரத்த ஒரு குரல்.

"அங்கன இல்ல, இங்கன. கையக் கொண்டு போகாத, பிச்சா ரத்தம் நிக்காது. மடியில சுண்ணாம்பு டப்பா வச்சிருப்பயே, அதை எடு."

"அதெல்லாம் வாசல்லயே வாங்கிக்கிட்டாக ஆத்தா."

"யாருகிட்டப் பொய் சொல்ற? நேத்து சாப்பிட்டுட்டு வெறகுக் கொட்டாய்ப் பக்கம் போயி மென்னுட்டு வந்தயில்ல? வாயெல்லாம் செவந்து கெடந்துச்சு. எடுண்ணே!"

கண்ணைத் திறந்தேன். மைத்துனர் களவு வெளிப்பட்டவராய், குருநாதரைப் பாராமல், வேட்டி மடிப்பிலிருந்து வெற்றிலையும் சுண்ணாம்பும் வைத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தவள் அவர் வாய் சிவந்ததை எங்ஙனம் கண்டாள் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது.

"அம்மா, மௌனம், மௌனம்" என்று தவித்தார் குருநாதர்.

"செத்த இருங்க சாமி, அட்டை போகட்டும்."

விரல்நுனியில் சுண்ணாம்பு எடுத்து வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. காதிலிருந்து குருதி கோடாக இறங்கியது. சேலைத் தலைப்பைச் சுருட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெற்றிலைப் பொட்டலம் அவள் மடியில் பிரிந்து கிடந்தது.

"போதும் ஆத்தா. அந்த வெத்தலைய இங்கிட்டுத் தா, எல்லாரும் பாக்காக" என்றார் மைத்துனர்.

அவள் தரவில்லை. அதையே பார்த்தாள். பின்பு வாடிய வெற்றிலைகளில் இரண்டைத் தேர்ந்து முந்தானையில் துடைத்தாள். பாக்கை அவற்றின்மேல் வைத்தாள். இரு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

"தை மாசம் வேணிக்குக் கல்யாணம்ணே. நீ வந்து நின்னு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

மைத்துனர் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வீட்டார் எதையும் உடனே எடுத்துக்கொள்வதில்லை.

"என் வெத்தலைய எனக்கே வச்சுக் கூப்பிடுற. அதுவும் தாம்பாளம் இல்லாம."

"தாம்பாளத்துக்கு இந்த மலையில எங்கன போவேன்? எடுத்துக்கிறயா, அட்டைக்கு வச்சுட்டுப் போகவா?"

அவர் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படியே வாயில் போட்டு மென்றார்.

"நான் மொதல்ல ஒம்பேரைச் சொல்லணும்னு சொல்லிவிட்டயாமே?" என்றார் மென்றபடி.

"நான் ஒரு கோவத்துல சொன்னது. அதை அப்படியே வந்து சொல்லிட்டாகளா?"

இருவரும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பல்லாண்டுக்குப் பின் அண்ணனும் தங்கையும் ஒத்த கருத்துக்கு வந்தார்கள். அது என்னைப் பற்றியதாக இருந்தது.

நான் மௌனத்தைக் காத்தேன்.

சான்றிதழ்

குருநாதர் மெய்யாகவே வருந்தினார். "எவ்வளவு உயரத்துல இருந்தீங்க ரெண்டு பேரும்! ஒரு அட்டைப் பூச்சி இழுத்துக் கீழ தள்ளிடுச்சே" என்றார். நிறைவு விழாவில், மௌனத்தை முறிக்காதவர்க்கெல்லாம் பொன்னிற எழுத்தில் சான்றிதழ் வழங்கினார். அவ்விருவர்க்கும் இல்லை. எனக்கு உண்டு. என் பெயருக்கு முன்னால் 'மௌனச் செம்மல்' என்று அச்சிட்டிருந்தது. இளவேனில் அதைக் கண்ணாடியிட்டு மாட்டியிருக்கிறாள்; சௌந்தரம் அதன்கீழ்த் துடைப்பத்தைச் சார்த்தி வைக்கிறாள்.

இறங்கும் வழியில் ஜீப்பில் முன்னிருக்கை காலியாக இருந்தது. மைத்துனர் பின்னால் வந்து தங்கையின் அருகே அமர்ந்திருந்தார். சினந்து கழிந்த ஆண்டுகளில் இறந்தவர், பிறந்தவர், விற்ற மாடு, வெடித்த திராட்சை எல்லாம் வரிசையாக வந்தன. ஒருவரையொருவர் இருமுறை ஏசியும் கொண்டார்கள். செல்வம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். "எங்கய்யாவையும் சித்தப்பாவையும் இங்கன கூட்டியாரலாமாங்கய்யா?" என்று கேட்டான். அட்டைக்கு உறுதி சொல்ல இயலாது என்றேன்.

ஆரோக்கியமேரி அம்மையார் என் காதருகே சொன்னார்: "சார், பள்ளிக்கூடத்துல நான் அதிகமாச் சொன்ன வார்த்தையே 'பேசாதே'ங்கிறதுதான். வாழ்க்கை பூராவும் சொன்னேன். ஒரு புள்ளைக்காவது ஞானம் வந்து நான் பாக்கலை."

போடி அன்பரே, இதுவே என் விடை. குருநாதர் கற்பிக்க முனைந்ததை யாரும் கற்கவில்லை. யாரும் கற்பிக்க முனையாதது ஒன்று புல்வெளியில் நிகழ்ந்தது. ஆயினும் அவர் என் வாயை அடைத்திராவிட்டால் அது நிகழ்ந்திராது. ஆதலின் அவர்க்கு நாங்கள் கடப்பாடு உடையோம். அவர் அதை அறியார். அட்டையைத் தனிப்பட ஆசான் என்று போற்றவும் எனக்கு மனம் வரவில்லை. அதற்கு இருந்தது பசி.

முதற்பந்தி

தை பிறந்தது. முகூர்த்த வேளையில் சுருளியாண்டி பட்டு வேட்டியும் பெருமிதமுமாக வந்து நின்றார். இளவேனிலுக்கு முதல் மாலை இட்டார். அவள் கையைப் பிடித்து மேடைக்கு நடந்தபோது, நடையைக் குறைத்து அவள் போக்குக்கு நடந்தார். என் கண்கள் எனக்குக் கட்டுப்படவில்லை. மூடுபனி என்று சொல்ல அங்கு மலையும் இல்லை.

தாலி கட்டி முடிந்தது. முதற்பந்திக்கு இலை விழுந்தது. மண்டபத்து உணவுக்கூட வாயிலில் நின்று சௌந்தரம் விருந்தினரை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைத்துனர் வந்தார். ஊர் கேட்க உரத்த குரலில் அழைத்தார்.

"ஆத்தா சௌந்தரம்! வா, மொதப் பந்தியில உக்காரு."

"என்னண்ணே நீ, பொண்ணைப் பெத்தவ மொதப் பந்தியில உக்காந்தா ஊரு சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நான் கூப்பிடுறேன். வா."

வந்தாள். வரிசையின் தலைப்பில் அமர்ந்தாள். ஊர் சற்றே சிரித்தது. நான் அப்பளக் கூடையை ஏந்திப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவள் இலையில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. அவள் தொடவில்லை. இலையின் விளிம்பைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அண்ணன் அவளுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தார்.

"ஏங்க, அவகளையும் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க. காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கலை அவக."

பழக்கம் கொடிது. நானும் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"எனக்குக் காது கேக்குது ஆத்தா" என்றார் சுருளியாண்டி. தங்கைக்குப் பக்கத்து இலையில் அமர்ந்து, அப்பளத்துக்குக் கை நீட்டினார்.